பழுதில்லாத இடது சிறுநீரகம் ஒன்று

'ஷரத்து சார்' என்றால்தான் அந்தக் கட்டட நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓடு பதிப்பவர், வண்ணம் அடிப்பவர், லிஃப்ட் மாட்டுபவர் என்று யார் வேலைக்கு வந்தாலும் முதலில் அவர் மேஜைக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். ஒப்பந்தம் எழுதுவது அவர் வேலை. சொன்ன தேதிக்குள் வேலை முடியாவிட்டால் என்ன, போட்ட ஓடு விரிசல் விட்டால் என்ன, ஆள் பாதியில் ஓடிப்போனால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷரத்து போட்டுவிடுவார். அவர் எழுதியதிலிருந்து வெளியே வர எலிப்பொந்துகூடக் கிடைக்காது என்று முதலாளி நாலு பேரிடம் பெருமை பேசுவார். மனிதர் வீட்டிலும் அப்படித்தான். "ஒரு டீ போட்டுத் தாங்கன்னு கேட்டாக்கூட, கப்பை யாரு கழுவுறதுன்னு பேசி முடிச்சுட்டுத்தான் அடுப்பைப் பத்த வைப்பாரு" என்று அவர் மனைவி சொல்வது முழுப் பொய் இல்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா ஒரு சிநேகிதரோடு சேர்ந்து கடைசல் பட்டறை வைத்திருந்தார். பாதி உனக்கு, பாதி எனக்கு என்று வாய்ப்பேச்சு. சிநேகிதர் கண்ணை மூடியதும் அவருடைய பிள்ளைகள் வந்து, "எழுதினது ஏதாவது இருந்தா காட்டுங்க" என்றார்கள். இருந்தால்தானே காட்டுவதற்கு. அப்பா இன்னொருவன் பட்டறைக்குக் கூலிக்குப் போனார். சூடு கண்ட பூனையாகிவிட்ட மகன், பேசினது காற்றோடு போகும், எழுதினதுதான் நிற்கும் என்று அன்றைக்கு மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். பின்னாளில் தபால் வழியில் சட்டம் படித்தபோதும் அவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு வரிதான். பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது. நீ எனக்கு ஒன்று தந்தால் பதிலுக்கு நான் உனக்கு ஒன்று தர வேண்டும். சும்மா தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கோர்ட் வாசலை மிதிக்க முடியாது.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் ஊசி குத்தி, பாதி நாள் இயந்திரத்தோடு கட்டிப்போட்டதுபோலப் படுத்திருந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். வந்த பிறகு மாடிப்படி ஏறத் தெம்பு இருக்காது. இப்படியே எத்தனை வருஷம் தள்ளலாம் என்று அவர் கேட்டதற்கு டாக்டர் நேரான பதில் சொல்லவில்லை. யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் நல்லது, கூடப்பிறந்தவர்கள் இருந்தால் ரொம்ப நல்லது என்றார். மனைவிக்குச் சர்க்கரை, அவளுடையது ஆகாது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தங்கை.

தங்கைக்கு நாற்பது வயது ஆகப்போகிறது, இன்னும் குடும்பத்தில் அவள் பாப்பாதான். புருஷன் லாரி ஓட்டுகிறார், போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். இவள் ஒரு சலவைக் கடை நடத்துகிறாள். ஹோட்டல் விரிப்புகளையும் ஊரார் கோட்டுகளையும் வெளுத்து, இஸ்திரி போட்டு, வேனில் தொங்கவிட்டு அவளே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பாள். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போனில் விஷயத்தைச் சொன்னபோது பின்னால் சலவை இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சரிண்ணா" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு பாப்பா. இது சட்டை துணி இல்ல."

"யோசிக்க என்ன இருக்கு? எனக்கு ரெண்டு இருக்கில்ல. எப்ப வரணும்னு மட்டும் சொல்லு."

அவ்வளவுதான் பேச்சு. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், அந்தச் சதையே வந்து நிற்கிறது. வேறு யாராவது இருந்தால் அழுதிருப்பார்கள். இவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஏனென்றால் பாப்பாவின் 'சரிண்ணா' எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்றாலும் சரிண்ணா, அம்மா இருந்த நாளில் அவள் கண்ணாடியை மாற்றிக் கொண்டுவா என்றாலும் சரிண்ணா. பாதிக்குமேல் மறந்துபோவாள். அவருடைய கல்யாணத்துக்கே தாலி கட்டி முடித்த பிறகுதான் வந்தாள், வழியில் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு. இவள் வாக்கை நம்பியா உயிரை ஒப்படைப்பது?

பரிசோதனையெல்லாம் பொருந்தி வந்தது. ஆஸ்பத்திரியில் தங்கையிடம் சம்மதப் படிவம் கொடுத்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். இவர் அதை எடுத்துப் படித்தார். படிக்காமல் விட முடியுமா அவரால்? மூன்றாவது பத்தியில் கண் நின்றுவிட்டது. கொடையாளர் எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், அறுவை அரங்குக்குள் போன பிறகும்கூட, தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதற்காக அவர்மேல் யாரும் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது.

அவர் திரும்பவும் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு காகிதத்தை அவர் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் வெடித்தார்.

"கையெழுத்து வாங்கிட்டு, எப்ப வேணும்னாலும் போய்க்கோன்னு ஆஸ்பத்திரிக்காரனே எழுதி வச்சிருக்கான். இதுக்கு எதுக்கு ஒரு கையெழுத்து? மேஜை மேல நான் மயங்கிக் கெடப்பேன், இவ எந்திரிச்சு, கடையில வேலை இருக்குன்னு போயிடலாம். நான் என்ன பண்ணுவேன்?"

"பாப்பா அப்படிப் போறவளா?"

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற."

"அவ வயித்துல இருந்துதாங்க எடுத்துத் தரப்போறா" என்றாள் மனைவி. அந்தப் பேச்சு அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதினார். புதிதாக எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. ஓடு பதிப்பவருக்கு எழுதிய ஒப்பந்தம் கணினியில் இருந்தது, அதைத் திறந்து பெயர்களை மாற்றினார். தங்கை கொடுக்கும் தரப்பு, இவர் பெறும் தரப்பு. பொருள், இடது சிறுநீரகம் ஒன்று. சும்மா கொடுத்தால் செல்லாதே, அதனால் பிரதிபலன் வேண்டும். பெற்றோர் விட்டுப்போன வீடு இரண்டு பேர் பெயரிலும் பாதிப் பாதி இருந்தது. தன் பாதியைத் தங்கைக்கு எழுதித் தருவதாகப் போட்டார். அதை எழுதும்போது அவருக்கு மனது நிறைந்துதான் இருந்தது. உண்மையிலேயே கொடுக்க நினைத்தார், அதில் கள்ளம் இல்லை. அதற்குக் கீழே, கொடுக்கும் தரப்பு பின்வாங்கினால் அந்த வீட்டில் தமக்குள்ள பாதியை இழப்பார் என்று இருந்தது. ஓடு பதிப்பவர் பின்வாங்கினால் முன்பணத்தை இழப்பார் என்ற ஷரத்துதான் இடம் மாறி வந்து உட்கார்ந்துகொண்டது. எடுத்துவிடலாமா என்று நினைத்தார். எடுத்தால் ஒப்பந்தத்துக்குப் பல் இருக்காது. இருக்கட்டும், பேருக்குத்தானே என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் சலவைக் கடைக்குப் போனார். உள்ளே ஒரே நீராவி. தங்கை நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஆப்பரேஷன் சம்பந்தமா ஒரு பேப்பர் பாப்பா. படிச்சுப் பாத்துட்டுப் போடு."

"எங்கண்ணா போடணும்?"

"படிச்சுட்டுப் போடுன்னு சொல்றேன்ல."

"நீ படிச்சிருப்பல்ல?" என்றாள், பேனாவை வாங்கிக்கொண்டே.

ஓடு பதிப்பவர், பெயின்டர் யாரையும் அவர் படிக்காமல் கையெழுத்துப் போட விட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வரி வரியாக வாசித்துக் காட்டிய பிறகுதான் மைப்பெட்டியையே திறப்பார். அன்றைக்கு மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. பக்கம் பக்கமாகத் திருப்பினார், அவள் ஈரக்கையைத் துணியில் துடைத்துத் துடைத்துப் போட்டாள். பக்கத்துக் கடைப் பூட்டு ரிப்பேர்காரரும், கோட்டு வாங்க வந்திருந்த ஒருவரும் கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வீடு திரும்பும்போது, வியாதி வந்ததிலிருந்து முதல் தடவையாக அவருக்குப் பசித்தது.

ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட அறுவைக்கு அனுமதி தர ஒரு குழு இருந்தது. ஒரு டாக்டர், ஒரு சமூகப் பணியாளர், ஒரு வக்கீல் அம்மா. கொடுப்பவரையும் வாங்குபவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்துவிட்டுத்தான் கையெழுத்திடுவார்கள். அன்றைக்குத் தங்கை முதலில் உள்ளே போய், சீக்கிரமே சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏன் குடுக்கறீங்கன்னு கேட்டாங்க. எங்க அண்ணன் ஆச்சேன்னேன். வேற காரணம் இருக்கான்னாங்க. வேற என்ன காரணம் வேணும்னு கேட்டேன், அந்த டாக்டர் சிரிச்சுட்டாரு."

பிறகு இவர் போனார். நீளமான மேஜை. வக்கீல் அம்மாவுக்குப் பலத்த ஜலதோஷம், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே தலையசைத்தார். டாக்டர், எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது, அடுத்த வாரமே நாள் குறிக்கலாம் என்றார். காரியம் முடிந்த மாதிரிதான். சமூகப் பணியாளர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார், வழக்கமாக எல்லோரிடமும் கேட்பது.

"உங்க தங்கச்சி கடைசி நிமிஷத்துல வேணாம்னு சொல்லலாம் சார். அது அவங்க உரிமை. அது உங்களுக்குப் புரியுதில்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் நம் ஆளுக்கு அங்கேதான் தொழில் கர்வம் தலைதூக்கியது. இத்தனை பெரிய ஆஸ்பத்திரி விட்ட ஓட்டையைத் தாம் அடைத்திருக்கிறோமே.

"அதுக்கெல்லாம் இடமே இல்லைங்க. முறைப்படி உறுதி பண்ணியாச்சு" என்று சொல்லிக் கைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

வக்கீல் அம்மா அதை எடுத்தார். முதல் பக்கம் படித்தார். கைக்குட்டை கீழே இறங்கியது. இரண்டாவது பக்கத்தைப் படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். டாக்டர் எட்டிப் பார்த்தார், பார்த்தவர் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்துகொண்டார். பாராட்டப் போகிறார்கள் என்றே இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாம்மா. என் தொழிலே அதுதான்."

"அவங்களை உள்ள கூப்பிடுங்க" என்றார் வக்கீல் அம்மா.

தங்கை வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்தைக் காட்டி உங்கள் கையெழுத்தா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிப் பேப்பர்தானே? அண்ணன் கொண்டு வந்துச்சு, போட்டேன்" என்றாள்.

வக்கீல் அம்மா வாசித்தார். ஜலதோஷக் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. கொடுக்கும் தரப்பு, பழுதில்லாத இடது சிறுநீரகம் ஒன்றை, குறித்த தேதியில், பெறும் தரப்புக்கு ஒப்படைக்க வேண்டியது. ஒப்படைத்த பொருளில் குறை காணப்பட்டால் கொடுக்கும் தரப்பே பொறுப்பு. இதற்குப் பிரதிபலனாகப் பெறும் தரப்பு வீட்டில் தம் பாதியை எழுதித் தருவது. கொடுக்கும் தரப்பு பின்வாங்கினால் அதே வீட்டில் தமக்குள்ள பாதியை இழப்பது.

தம் எழுத்து அடுத்தவர் வாயில் இப்படி ஒலிக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"சார், சும்மா குடுத்தா அது தானம். எதையாவது வாங்கிட்டுக் குடுத்தா விற்பனை. உறுப்பை விக்கிறது குத்தம், வாங்குறதும் குத்தம். குத்தத்துக்கு எழுதின ஒப்பந்தம் காகித விலைக்குக்கூடப் போகாது."

"பிரதிபலன் இல்லேன்னா செல்லாதுன்னு..." அவர் இழுத்தார். "அதனாலதாம்மா போட்டேன். செல்லணுமேன்னுதான் போட்டேன்."

"அது செங்கல்லுக்குச் சரி. இதுல நீங்க பிரதிபலன்னு போட்ட அந்த ஒரு வரிதான் எல்லாத்தையும் கெடுத்துடுச்சு. இவங்க வாயால சொன்னதுக்கு நாங்க அனுமதி குடுத்திருப்போம். நாங்க முடிவே பண்ணிட்டோம்."

"அப்ப இதைக் கிழிச்சுடறேன்." கையை நீட்டினார். வக்கீல் அம்மா காகிதத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கிழிக்கக் கூடாது. இனிமே இது எங்க கோப்புல இருக்கும்."

தங்கை அப்போதுதான் பேசினாள். "மேடம், எனக்கு வீடெல்லாம் வேணாம். நான் சும்மாதான் தரேன். முன்னாடியே சொன்னேனே."

"நீங்க சொன்னதை நான் நம்பறேம்மா. ஆனா உங்க கையெழுத்து வேற ஒண்ணு சொல்லுது. பணத்துக்கு விக்கிறவங்களும் இங்க வந்து சும்மாதான் தரேன்னுதான் சொல்றாங்க, அதுக்குத்தான் இந்தக் குழுவே. நாளைக்கு இன்னொரு குழு வரும், இந்தப் பேப்பரைப் பாக்கும். சும்மா தரேன்னு நீங்க சொன்னதைக் கூடப்பிறந்த அண்ணனே நம்பலைன்னு இதுல எழுதியிருக்கே. அவங்க எப்படி நம்புவாங்க?"

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மூன்று பேரும் பேசினார்கள். பிறகு சமூகப் பணியாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வியாபார நோக்கம் இருப்பதாகத் தெரியாததால் போலீசுக்கு எழுதவில்லை என்றார். அனுமதி மறுக்கப்பட்டது. மறுபடி விண்ணப்பிக்கலாம், எப்போது எடுத்துக்கொள்வார்கள், என்ன சொல்வார்கள் என்று தம்மால் சொல்ல முடியாது. அவர் குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் இவரை உலுக்கியது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருப்பார். இப்போது அந்த வரிசையில் தாமும் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு இயந்திரத்தில் படுக்கும் நாள். ஆஸ்பத்திரியின் அந்தப் பிரிவு மட்டும் ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தது. தங்கை அவர் கைப்பையை எடுத்துக்கொண்டாள், அவரைத் தாங்கிப் பிடித்து வேனில் ஏற்றினாள், பெல்ட்டை மாட்டிவிட்டாள். பின்னால் இஸ்திரி போட்ட கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவள் பேசாமல் வண்டி ஓட்டி அவர் பார்த்ததே இல்லை. சிக்னலில் நின்றபோதுதான் கேட்டாள்.

"குறை இருந்தா நான்தான் பொறுப்புன்னு ஏன்ணா போட்ட?"

"அது ஓடு பதிக்கிறவருக்கு எழுதினது பாப்பா. மாத்த மறந்துட்டேன்."

"வீட்டை இழப்பேன்னு போட்டது?"

அவரால் பொய் சொல்ல முடியவில்லை. "அதை மறக்கலை" என்றார். "பயமா இருந்துச்சு."

பச்சை விழுந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் அவள் வண்டியை எடுத்தாள்.

"அன்னிக்குக் கடைக்கு வந்து, பாப்பா, வராம இருந்துடாதே, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல. நான் அன்னிக்கே வந்து ஆஸ்பத்திரி வாசல்ல படுத்திருப்பேன்."

அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவிகூடப் பார்க்காத அழுகை. தங்கை அவர் பக்கம் திரும்பவில்லை, ஒரு கையால் துணி ஒன்றை எடுத்து அவர் மடியில் போட்டாள். யாரோ வாடிக்கையாளருடைய துண்டு, சோப்பு வாசனை அடித்தது. அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிப் பிரிவு வாசலில் வண்டி நின்றது. இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கேட்காமல் இறங்கினால் இனி எந்த நாளும் கேட்க வாய் வராது என்று தெரிந்தது.

"பாப்பா, மறுபடி விண்ணப்பம் போட்டா வருவியா?"

பிறந்ததிலிருந்து அண்ணன் எது கேட்டாலும் அவளிடம் இருந்தது ஒரே பதில். அதற்காகத்தான் அவர் காத்திருந்தார். அவள் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"என்ன கேக்கறியோ எழுதிக் குடுண்ணா. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் கை பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போய், அதைத் தொடாமல் திரும்பி வந்தது. தங்கை இறங்கி, சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.